வளர்ப்பு இறாலின் நிறப் பிரிவுகளுக்கு ‘நிறவழி’: ஒரு முன்மொழிவு

அன்புடையீர், வணக்கம்.

வளர்ப்புத் தொட்டிகளில் சிவப்பு, மஞ்சள், நீலம் எனப் பல நிறங்களில் காணப்படும் செர்ரி இறால்கள் யாவும் நியோகரிடினா டேவிடி என்னும் ஒரே சிற்றினத்தைச் சேர்ந்தவை. இயற்கை வாழிடத்தில் இவ்விறால் பழுப்போ பச்சையோ கலந்து, உள்ளுறுப்புகள் தெரியும் அளவுக்குத் தெளிந்த உடலுடன் இருக்கும். தலைமுறைதோறும் நிறம் மிகுந்தவற்றையே தேர்ந்து பெருக்கியதால்தான் இன்றைய அடர்நிறங்கள் கிடைத்தன. இப்படி உருவான நிறப் பிரிவைக் குறிக்கத் தமிழ்ச்சொல் தேடும் நம் உரையாடலில் முன்வைக்கப்பட்ட ‘நிற இனம்’, ‘நிறவகை’, ‘நிறத்திரிபு’ ஆகியவற்றைவிட ‘நிறவழி’ பொருந்தும் என்று கருதுகிறேன்.

‘இனம்’ என்பதைத் தவிர்க்கவே வேண்டும். தமிழ்நாட்டில் கால்நடைப் பிரிவுகளுக்கு வழங்கும் இச்சொல், இலங்கைப் பாடநூல்களில் சிற்றினத்தையே குறிக்கிறது. ‘சிவப்பு இனம்’ என்று எழுதினால் அங்குள்ள மாணவர் அதைத் தனி உயிரினமாகவே கொள்வார். ‘நிறவகை’ தவறன்று, ஆயினும் கடையில் துணியைப் பிரித்து அடுக்குவதற்கும் அதே சொல் போதும்.

‘திரிபு’ மரபணுவில் நேர்ந்த ஒரு மாற்றத்தைச் சுட்டும். செர்ரி இறாலில் நடப்பது அதனினும் நீண்ட வேலை. தரம் குறைந்த சிவப்பு இறாலை உருப்பெருக்கியில் பார்த்தால், தெளிந்த ஓட்டின் கீழ் நிறச்செல்கள் தனித்தனிப் புள்ளிகளாகச் சிதறியிருக்கும். தரம் உயர உயர அவை நெருங்கி, உயர்தரப் பெண் இறாலில் கால்கள்வரை சிவப்பு படர்ந்து, முதுகில் முட்டைத்திரள் சேணம்போல் அமைந்திருப்பதுகூட வெளியே தெரியாமல் மறைந்துவிடும். இந்நிலை தானாக நிற்பதில்லை. தேர்வை நிறுத்தினால் நிறம் படிப்படியாக மங்கும்; வெவ்வேறு நிறத்தவற்றை ஒரே தொட்டியில் விட்டால் அவை தம்முள் கலந்து, சில தலைமுறைகளில் பெரும்பாலும் பழுப்பு இறால்களே எஞ்சும்.

ஆகவே நிறத்தையும் அது இறங்கிவரும் மரபுத் தொடர்ச்சியையும் ஒருசேரச் சொல்லும் பெயரே தேவை. ‘கால்வழி’, ‘கொடிவழி’, ‘வழித்தோன்றல்’ ஆகியவற்றில் ‘வழி’க்கு அப்பொருள் ஏற்கெனவே உண்டு, புதிதாக எதையும் ஏற்ற வேண்டியதில்லை. வரையறையை இவ்வாறு அமைக்கலாம்: ‘நிறவழி என்பது ஒரே சிற்றினத்துக்குள், தொடர்ந்த தேர்வினால் குறிப்பிட்ட நிறம் பேணப்பட்டுவரும் வளர்ப்பு மரபு.’

துணைச்சொற்களும் உடன் வேண்டும். நிறம் குறைந்தவற்றைப் பிரித்தெடுப்பதற்கு, விதை உற்பத்தியில், பயிரில் கலந்த வேற்றுச் செடிகளைக் களைவதற்கு நெடுநாளாக வழங்கும் ‘கலவன் நீக்கல்’ என்பதையே கொள்ளலாம். உழவர் நாவில் பழகிய அச்சொல் இருக்கையில் வேறொன்றைப் புனைவது வீண். பழுப்புக்குத் திரும்புவதை ‘மூலநிற மீள்வு’ எனலாம். ‘செர்ரி’ வணிகப்பெயராதலால் அப்படியே இருக்கட்டும். ‘கூனி’ என்று மாற்றும் யோசனையை நான் ஏற்கவில்லை. அப்பெயர் கடலில் பிடித்து உலர்த்தும் பொடி இறாலுக்கு உரியது.

ஓர் ஐயம் எஞ்சுகிறது. ஜப்பானில் 1990களில் உருவாக்கப்பட்ட கிரிஸ்டல் சிவப்பு இறால், கரிடினா பேரினத்தைச் சேர்ந்த கறுப்பு வெள்ளைப் பட்டை இறால்களிடையே தோன்றிய ஒடுங்கு மரபுத்திரிபிலிருந்து (பெற்றோர் இருவரிடமிருந்தும் வந்தால் மட்டுமே வெளிப்படும் மரபணு மாற்றத்திலிருந்து) வந்தது. அதன் தொடக்கம் திரிபுதான். ஆனால் வெள்ளைப் பட்டையின் அடர்த்தி தேர்வினால் வளர்க்கப்பட்டது. நிறத்தோடு பட்டை அமைப்பையும் பேணும் இத்தகைய மரபுகளையும் ‘நிறவழி’யில் அடக்கலாமா, ‘கோலவழி’ எனத் தனியே பிரிக்கலாமா என்பதில் உங்கள் கருத்தை அறிய விரும்புகிறேன்.