இறக்குமதிப் பெரிய செடான்கள்: எந்தச் சந்தையில் எது இடித்தது? (மன்றப் பதிவுகள்; ஒவ்வொன்றின் மேலும் எழுதியவரின் புனைபெயர்)

நீள்சக்கரம்

ஐந்து மீட்டர் நீளச் செடானைக் கப்பலேற்றி, அந்த நாட்டுக்காரர்கள் தலைமுறையாக ஓட்டிப் பழகிய காருக்கு எதிரே நிறுத்துவது லேசான காரியமல்ல. "கார் நல்ல கார்தான், ஓடலை" என்று நாம் முடித்துவிடுகிறோம். ஏன் ஓடவில்லை என்பதுதான் இங்கே வேண்டும். வரியா, லீஸா (மாதக் கட்டணத்தில் சில வருஷக் குத்தகை), உதிரிபாகமா, பெட்ரோலா? சொந்தக் கதை வேண்டாம். ஒரு கார், ஒரு சந்தை, என்ன நடந்தது என்று எழுதுங்கள். கணக்கு இருந்தால் கணக்கோடு.

எட்டு சிலிண்டர்

லெக்ஸஸ் எல்எஸ் 400 இல்லாமல் இந்தப் பேச்சு நகராது. ஆனால் கதை 1989இல் தொடங்கவில்லை. 1981இல் அமெரிக்காவுக்கு ஆண்டுக்கு 16.8 லட்சம் கார்தான் என்று ஜப்பான் தானாகவே வரம்பு போட்டுக்கொண்டது (போடவைக்கப்பட்டது என்பதே சரி). எண்ணிக்கை கட்டுப்பட்டால் காருக்குக் கார் லாபம் கூட வேண்டும். நாணய மதிப்புகளைச் சரிசெய்ய 1985இல் போட்ட பிளாசா ஒப்பந்தத்துக்குப் பின் டாலருக்கு 240 யென் என்றிருந்தது ஓராண்டுக்குள் 160க்குக் கீழே இறங்கியதும், சின்னக் காரில் இருந்த கொஞ்ச லாபமும் கரைந்தது. 1986இல் அக்யூரா, 1989இல் லெக்ஸஸ், இன்ஃபினிட்டி எல்லாம் கிளம்பி வந்தது இதனால்தான்.

எல்எஸ் 400இல் 4.0 லிட்டர் வி8, 250 குதிரைத்திறன், காற்று எதிர்ப்பு எண் 0.29. அறிமுக விலை 35,000 டாலர். வி8 பூட்டிய மெர்சிடிஸ் எஸ்-கிளாஸுக்கு அதைப்போல ஒன்றரை மடங்குக்கு மேல் கொடுக்க வேண்டியிருந்தது. பழைய ராஜாவால் விலையை இறக்க முடியவில்லை. எஸ்-கிளாஸை இறக்கினால் அதற்குக் கீழே நிற்கும் காரின் விலையும் சேர்ந்து சரியும். புதிதாக வந்தவனுக்கு அந்தக் கவலை கிடையாது.

1991இல் அமெரிக்காவில் வந்த சொகுசு வரியும் லெக்ஸஸுக்கே சாதகம். 30,000 டாலருக்கு மேற்பட்ட தொகைக்கு மட்டும் 10 சதவீதம். 40,000 டாலர் காருக்கு வரி 1,000. 70,000 டாலர் காருக்கு 4,000. எல்லோருக்கும் ஒரே விதிதான், ஆனால் விலை இடைவெளி இன்னும் அகலமானது.

எல்எஸ் 400 வந்த 1989 டிசம்பரிலேயே ரீகால் வந்தது. வயரிங்கிலும் பிரேக் விளக்கிலும் கோளாறு என்று இரண்டே இரண்டு புகார்கள். விற்றிருந்த சுமார் 8,000 கார்களையும் 20 நாளில் முடித்தார்கள். வீட்டிலேயே காரை எடுத்து, சரிசெய்து, கழுவித் திருப்பிக் கொடுத்தார்கள். இன்று எல்லாப் பிராண்டும் செய்வதாகச் சொல்லும் வேலைதான். அன்று அந்த விலையில் யாரும் செய்யவில்லை.

பட்டறை மேசை

இன்னொரு ஜோடியைப் பாருங்கள். ஹோண்டா லெஜண்டும் ரோவர் 800உம் கூட்டாக உருவாக்கப்பட்டவை. லெஜண்ட் அக்யூரா பெயரிலும், ரோவர் 800 ஸ்டெர்லிங் என்ற பெயரிலும் அமெரிக்காவுக்குப் போயின. ஸ்டெர்லிங்குக்கும் ஹோண்டா வி6தான். உள்ளே மரமும் தோலும் ஸ்டெர்லிங்கில்தான் அழகு. ஆனாலும் அது 1987இல் வந்து 1991இல் மூட்டை கட்டியது. மின்சாரக் கோளாறு, துரு, பெயின்ட், பொருத்தம் எல்லாம் சேர்ந்து சாய்த்தன. இன்ஜினை யார் செய்தார்கள் என்பதைவிட, கனெக்டருக்குள் தண்ணீர் இறங்குகிறதா என்பது முக்கியம் என்பதற்கு இதைவிட நல்ல சோதனையை யாரும் திட்டமிட்டே நடத்தியிருக்க முடியாது.

லீஸ் கணக்கு

அமெரிக்காவில் பெரிய செடானைக் காசு கொடுத்து வாங்குபவர்களைவிட லீஸ் எடுப்பவர்களை வைத்துத்தான் போட்டியே. அங்கே ஷோரூம் விலை அவ்வளவு பெரிய விஷயமில்லை. மூன்று வருஷம் கழித்து என்ன மிஞ்சும் என்பதுதான் விஷயம். சூத்திரம் இரண்டு துண்டு:

தேய்மானம் = (பேசிய விலை − மிச்ச மதிப்பு) ÷ மாதங்கள்
நிதிக் கட்டணம் = (பேசிய விலை + மிச்ச மதிப்பு) × மனி ஃபேக்டர்

மனி ஃபேக்டரை 2,400ஆல் பெருக்கினால் ஆண்டு வட்டி. 0.0025 என்றால் 6 சதவீதம்.

ஒரே விலையில் இரண்டு கார், 60,000 டாலர், 36 மாதம். பழைய பிராண்டின் மிச்ச மதிப்பு 60 சதவீதம், புதியதற்கு 45 என்று வைத்துக்கொள்வோம்.

பழையது: 24,000 ÷ 36 = 667; 96,000 × 0.0025 = 240. மாதம் 907.
புதியது: 33,000 ÷ 36 = 917; 87,000 × 0.0025 = 217. மாதம் 1,134.

இரண்டையும் மாதம் 907க்குக் கொண்டுவரப் புதியவர் பேசிய விலையை 52,500 அருகே இறக்க வேண்டும். அதாவது காருக்கு 7,500 டாலர் கையிலிருந்து. அந்தத் தள்ளுபடி பழைய கார் ஏலச்சந்தையில் உடனே தெரிந்துவிடும், அடுத்த வருஷ மிச்ச மதிப்பு இன்னும் இறங்கும், மறுபடி தள்ளுபடி. இந்தச் சுழலில் மாட்டியவர்கள் மீண்டது அபூர்வம். வெளியே வர ஒரே வழி, தேவைக்குக் கொஞ்சம் குறைவாக இறக்குமதி செய்வது. துறைமுகத்தில் கார் தேங்கி நின்றால் விற்பனை மேலாளருக்குக் கை நடுங்கும். தள்ளுபடி அங்கேதான் பிறக்கிறது.

பட்டறை மேசை

லீஸ் கணக்குக்காரர் சொன்னதோடு ஃபேட்டனைச் சேர்த்துப் பாருங்கள். ஃபோக்ஸ்வாகன் ஃபேட்டன் 2002இல் வந்தது, டிரெஸ்டன் கண்ணாடித் தொழிற்சாலையில் பூட்டப்பட்டது. வெளியே 50 டிகிரி வெயிலில் நாள் முழுக்க மணிக்கு 300 கி.மீ. ஓடினாலும் உள்ளே 22 டிகிரி இருக்க வேண்டும் என்பது அப்போதைய ஃபோக்ஸ்வாகன் தலைவர் பீஹ் வைத்த நிபந்தனைகளில் ஒன்று. பென்ட்லி கான்டினென்டலோடு அடித்தளம் பொது. பொறியியலில் குறை சொல்ல முடியாது. அமெரிக்காவில் எந்த ஆண்டும் 2,000 விற்கவில்லை. 2006 மாடலோடு விலக்கிக்கொண்டார்கள்.

டீலர் பக்கம் நின்று பார்த்தால் புரியும். ஜெட்டா போன்ற சின்னக் கார் விற்கும் கடைக்கு வருஷத்துக்கு இரண்டு மூன்று ஃபேட்டன். அதற்காக ஒரு மெக்கானிக்கைத் தனிப் பயிற்சிக்கு அனுப்ப வேண்டும், தனிக் கருவிகள் வாங்க வேண்டும். பணம் திரும்பாது. டபிள்யூ12 இன்ஜினில் பல வேலைகளுக்கு இன்ஜினையே கீழே இறக்க வேண்டியிருக்கும். மாதத்தில் ஒரு முறை செய்யும் வேலையில் கை பழகாது, தவறு வரும்.

அந்தக் காரில் அடிக்கடி நடக்கும் தவறைச் சொல்கிறேன். ஃபேட்டனில் பேட்டரி இரண்டு: ஒன்று ஸ்டார்ட் செய்ய, இன்னொன்று மின்னணுச் சுமைக்கு. இரண்டாவது தளர்ந்தால் கார் ஸ்டார்ட் ஆகிவிடும், ஆனால் சம்பந்தமில்லாத மாட்யூல்களில் (மின்னணுக் கட்டுப்பாட்டுப் பெட்டிகளில்) எல்லாம் கோளாறுக் குறி தோன்றும். ஸ்கேனரை மட்டும் நம்பி மாட்யூலை மாற்றினால் பணம் போகும், குறி போகாது. முதலில் இரண்டு பேட்டரியையும் தனித்தனியே சுமை கொடுத்துச் சோதித்துவிட்டுத்தான் அடுத்த வேலை.

வலப்பக்க ஸ்டீயரிங்

ஜப்பானைப் பலர் தவறாகப் படிக்கிறார்கள். 1978 முதல் கார் இறக்குமதிக்கு அங்கே சுங்கவரி பூஜ்யம். சுவர் வரியில் இல்லை, பார்க்கிங் கோபுரத்தில் இருக்கிறது. நகரங்களில் இயந்திரப் பார்க்கிங் தட்டுகளின் வழக்கமான வரம்பு நீளம் 5,050, அகலம் 1,850, உயரம் 1,550 மி.மீ. கார் பதிவுக்கு நிறுத்துமிடச் சான்று வேண்டும். 1,900 மி.மீ. அகலச் செடானை வாங்க ஆசையிருந்தாலும் வைக்க இடமில்லை.

உள்ளூர் ராஜாவுக்கு இது மனப்பாடம். 2018 டொயோட்டா கிரவுன் எவ்வளவு நீண்டபோதும் அகலம் 1,800ஐத் தாண்டவில்லை. பிஎம்டபிள்யூ 3-சீரிஸுக்கு ஜப்பானுக்கு மட்டும் கதவுக் கைப்பிடியை மெலிதாக்கி 1,800க்குள் கொண்டுவந்தது. பெரிய செடானுக்கு அப்படிச் செதுக்க முடியாது. வாசற்படி, பக்க மோதல் பாதுகாப்பு எல்லாம் அகலத்தைத் தின்னும்.

ஸ்டீயரிங்கைப் பக்கம் மாற்றுவதும் சக்கரத்தைக் கழற்றி அந்தப் பக்கம் மாட்டும் வேலையல்ல. தீத்தடுப்புச் சுவரின் துளைகள், பெடல் பெட்டி, பிரேக் பூஸ்டர், ஏசி பெட்டி, வைப்பர் திசை, ஹெட்லைட் ஒளிச்சாய்வு, டேஷ்போர்டு அச்சு எல்லாம் மாறும். வி8 காரில் ஸ்டீயரிங் தண்டும் எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டும் ஒரே இடத்துக்குச் சண்டை போடும். காடிலாக் ஏடிஎஸ், மூன்றாம் தலைமுறை சிடிஎஸ் இரண்டும் வலப்பக்கத்தில் வரவேயில்லை. பிரிட்டன், ஆஸ்திரேலியா, ஜப்பான் என்று ஒரே முடிவில் மூன்று சந்தை போயிற்று.

பின்சீட்

சீனாவில் முதலில் பார்க்க வேண்டியது இன்ஜினின் சி.சி. அங்கே நுகர்வு வரி சி.சி.யைப் பொறுத்தது: 2.5க்கு மேல் 3.0 லிட்டர் வரை 12 சதவீதம், 3.0க்கு மேல் 4.0 வரை 25, அதற்கு மேல் 40. இது 2008 செப்டம்பரிலிருந்து. வரி விலைக்குள்ளேயே அடங்கும் கணக்கு என்பதால் பெருக்குவதில்லை, வகுக்க வேண்டும். இங்கேதான் புதியவர்கள் விலைப்பட்டியலைத் தப்பாகப் போடுகிறார்கள்.

கரை சேர்ந்த விலை 100 என்று எடுங்கள். 2018 ஜூலையில் சுங்கம் 25இலிருந்து 15 சதவீதமாகக் குறைந்தது. ஆக 115.
3.0 லிட்டர்: 115 ÷ 0.88 = 130.7, 13 சதவீத மதிப்புக்கூட்டு வரியோடு 147.7.
3.5 லிட்டர்: 115 ÷ 0.75 = 153.3; வரியோடு 173.3.
4.5 லிட்டர்: 115 ÷ 0.60 = 191.7, வரியோடு 216.6.

2,995, 2,996, 2,998 சி.சி. என்று ஜெர்மன் ஆறு சிலிண்டர்கள் வரம்புக்கு மயிரிழை கீழே நிற்பது இந்தச் சந்தைக்கு அருமையாகப் பொருந்தியது. 4.6, 5.0 லிட்டர் வி8ஐ நம்பி வந்தவர்களுக்கு இன்ஜினே பாரம்.

அடுத்தது பின்சீட். ஆடி 1988 முதல் எஃப்ஏடபிள்யூ என்ற சீன நிறுவனத்தோடு அங்கேயே காரைப் பூட்டி, ஏ6ஐ நீட்டி விற்றது. பின்னால் 2006இல் 5-சீரிஸும் 2010இல் ஈ-கிளாஸும் நீண்டன. நீளம் குறைந்த இறக்குமதிச் செடான் பக்கத்தில் நின்றால், முதலாளி கால் நீட்டிப் பார்த்துவிட்டு இறங்கிவிடுவார். ஓட்டும் சுகத்தைப் பற்றிப் பேசும் விளம்பரம் டிரைவருக்குத்தான் பிடிக்கும்.

லீஸ் கணக்கு

ஜெர்மனியில் இன்னொரு கணக்கு. கம்பெனிக் காரைச் சொந்த உபயோகத்துக்கும் எடுத்தால், மாதாமாதம் பட்டியல் விலையின் 1 சதவீதம் ஊழியரின் வருமானத்தில் சேரும். வீட்டுக்கும் வேலைக்கும் இடையே ஒவ்வொரு கிலோமீட்டருக்கும் இன்னும் 0.03 சதவீதம். கவனியுங்கள், பட்டியல் விலை. பேசிய விலை அல்ல. 70,000 யூரோ காரை 58,000க்குக் கொடுத்தாலும் ஓட்டுபவருக்கு மாதம் 700தான் ஏறும். தள்ளுபடியால் கம்பெனிக்கு லாபம், காரைத் தேர்ந்தெடுக்கும் ஊழியருக்கு ஒன்றுமில்லை. அமெரிக்காவில் செல்லும் ஆயுதம் இங்கே மழுங்கிவிடுகிறது. பட்டியல் விலையையே இறக்க வேண்டும். இறக்கினால் அந்தஸ்து போச்சு.

லெக்ஸஸ் எல்எஸ், ஜிஎஸ் இரண்டிலும் டீசல் இருந்ததில்லை, எஸ்டேட் உடலும் (கூரை பின்வரை நீண்டு சாமான் இடம் பெருத்த வகை) இருந்ததில்லை. அந்தச் சந்தை பல ஆண்டுகள் இரண்டையும்தான் கேட்டது. லெக்ஸஸ் பதிலுக்குக் கொடுத்த ஹைபிரிட் நகரத்துக்குள் நன்றாகச் சிக்கனம் காட்டும். ஆட்டோபானில் மணிக்கு 180இல் ஓடும்போது பிரேக் பிடித்துச் சேமிக்க ஒன்றும் இருக்காது.

மாறாக, கிரைஸ்லர் 300சியைப் பாருங்கள். 3.0 வி6 டீசல், எஸ்டேட், வலப்பக்க ஸ்டீயரிங் மூன்றும் கொடுத்து, ஐரோப்பாவுக்கான கார்களை ஆஸ்திரியாவின் கிராட்ஸில் பூட்டினார்கள். ஜெர்மன்காரர்களை வீழ்த்தவில்லை, ஆனால் பட்டியலுக்குள் நுழைந்தது. அதன் வாரிசை 2011இல் லான்சியா தேமா என்று பெயர் மாற்றி விற்றபோது 2014க்குள் கதை முடிந்தது.

எட்டு சிலிண்டர்

பெட்ரோல் பற்றி யாரும் சொல்லவில்லை. தொண்ணூறுகளில் பிஎம்டபிள்யூ எம்60 வி8 அலுமினிய பிளாக்கில் சிலிண்டர் சுவருக்கு நிக்கசில் என்ற நிக்கல் கலவைப் பூச்சு. அமெரிக்கப் பெட்ரோலில் கந்தகம் அதிகம். அது பூச்சை அரித்தது. குறுந்தூரம் ஓடி, முழுதாகச் சூடேறாத கார்களில் சீக்கிரம். அடையாளம்: குளிரில் ஸ்டார்ட் செய்தால் ஐடில் நடுங்கும், சூடானதும் அடங்கும். பற்றவைப்புக் காயிலை மாற்றிப் பார்ப்பது வீண் செலவு; சிலிண்டர் லீக்-டவுன் சோதனை (அழுத்தக் காற்று எவ்வளவு கசிகிறது என்று பார்ப்பது) செய்தால் தெரிந்துவிடும். மருந்து பிளாக் மாற்றம் மட்டுமே. பின்னால் அலுசில் (அலுமினியம்-சிலிகான் கலவை) பிளாக் வந்தது. ஜாகுவார் வி8உம் இதே பள்ளத்தில் விழுந்தது.

எல்எஸ் 400க்கும் தொல்லை உண்டு, சொல்லிவிடுகிறேன். பவர் ஸ்டீயரிங் பம்ப் கசிந்தால் எண்ணெய் நேரே கீழே இருக்கும் ஆல்டர்னேட்டரில் சொட்டும். ஆல்டர்னேட்டரை மட்டும் மாற்றுபவர்கள் சில மாதத்தில் மறுபடி மாற்றுவார்கள். மேலே பம்பைப் பார்த்துவிட்டுக் கீழே வாருங்கள்.

நீள்சக்கரம்

நாணயத்தையும் சேர்க்கிறேன். ஆஸ்திரேலியாவிலிருந்து போன்டியாக் ஜி8ஆக அமெரிக்காவுக்குப் போன ஹோல்டன் (ஜெனரல் மோட்டார்ஸின் ஆஸ்திரேலியப் பிராண்டு) கார், நல்ல பெரிய பின்சக்கர இயக்கச் செடான். 2008 ஜூலையில் ஆஸ்திரேலிய டாலர் 98 அமெரிக்க சென்ட் வரை ஏறியது. செலவு ஒரு நாணயத்தில், வரவு இன்னொன்றில். நடுவே கப்பலிலும் துறைமுகத்திலும் வாரக்கணக்கு. 2009இல் போன்டியாக் பிராண்டையே மூடுவதாக அறிவித்தார்கள். பிறகு ஷெவர்லே எஸ்எஸ் என்று மறுபடி வந்து, 2017இல் ஹோல்டனின் எலிசபெத் ஆலை மூடியதோடு நின்றது.

பட்டறை மேசை

உதிரிபாகம் மிச்சம் இருக்கிறது. புதிதாக ஒரு சந்தையில் இறங்குபவர்கள் ஃபில்டரும் பிரேக் பேடும் நிறைய வைத்துக்கொள்கிறார்கள். அவை தாமதமானால் யாரும் கோபப்படுவதில்லை. காரை நிறுத்திப்போடுவது மோதல் பாகங்கள்: இரு பக்க ஹெட்லைட், முன் பம்பர் தோல், அதன் உள்சட்டம், ரேடியேட்டர், கண்டென்சர், முன் ஃபெண்டர், பக்கக் கண்ணாடி, முன்கண்ணாடி. ஒரு ஹெட்லைட் கப்பலில் வர ஆறு வாரமானால் காப்பீட்டு நிறுவனம் அத்தனை நாளும் மாற்றுக் காருக்குப் பணம் கட்டும். அடுத்த புதுப்பிப்பில் அந்த மாடலுக்குப் பிரீமியம் ஏறும். அது நேரே லீஸ் எடுப்பவர் கையைக் கடிக்கும்.

முன்கண்ணாடி இருப்பில் இருந்தால் மட்டும் போதாது. கேமரா உள்ள காரில் கண்ணாடி மாற்றியபின் அளவுத்திருத்தம் வேண்டும்: சமதளத் தரை, சரியான டயர் காற்று, காலி டிக்கி, தயாரிப்பாளர் சொன்ன தூரத்தில் குறிப்பலகை. பலகையின் அளவும் வைக்கும் தூரமும் பிராண்டுக்குப் பிராண்டு வேறு. புதிய பிராண்டின் பலகை ஊரில் ஒரே பட்டறையில்தான் இருக்கும். கண்ணாடியை ஒட்டியபின் அங்கே நாள் குறிக்கக் காத்திருக்க வேண்டும். அதே வேலைக்குப் பழைய பிராண்டு கார் காலையில் வந்து மாலையில் போய்விடும்.