ஜப்பானியப் பட்டியல்: 316 வரிகள் சரி, 317-வது வரியில் நிரல் நின்றுவிடுகிறது

மேசைவிளக்கு:
எங்கள் நகோயா கிளையிலிருந்து மாதந்தோறும் ஒரு சிஎஸ்வி கோப்பு (காற்புள்ளியால் பிரித்த பட்டியல்) வருகிறது. வாடிக்கையாளர் பெயர், முகவரி எல்லாம் ஜப்பானிய எழுத்தில். யூடிஎஃப்-8 என்ற குறியாக்கத்தில் (எழுத்துகளைப் பைட்டுகளாக, அதாவது கணினி எண்களாக எழுதும் முறை) திறந்தால் முதல் வரியே வரவில்லை. ஷிப்ட்-ஜிஸ் என்ற ஜப்பானியக் குறியாக்கத்தைக் கொடுத்ததும் வந்தது. பைத்தான் நிரல்மொழியில் வரிவரியாகப் பைட்டுகளை எடுத்து மாற்றுகிறேன். 316 வரிகள் ஒழுங்காக ஓடுகின்றன. 317-வது வரியில் செல்லாத பைட் வரிசை என்று பிழை காட்டி நிற்கிறது. நகோயாவில் அதே கோப்பு ஒரு குறையுமின்றித் திறக்கிறதாம். இரண்டு நாளாக இதையே கட்டிக்கொண்டு அழுகிறேன்.

அவசரக்குடுக்கை:
பிழைகளைப் புறக்கணிக்கும்படி நிரலில் சொல்லிவிடுங்கள். ஓடிவிடும்.

பழையகணினி:
ஐயா, அந்த யோசனை வேண்டாம். ஓடும்தான், ஆனால் யாரோ ஒருவர் பெயரிலிருந்து ஓர் எழுத்தை விழுங்கிவிட்டு ஓடும். அதற்கு நின்றுபோவதே மேல். நின்ற இடத்தில் உள்ள இரண்டு பைட்டுகளின் மதிப்பைப் பதின்ம எண்ணில் எழுதுங்கள். அந்த வாடிக்கையாளர் தகாஹாஷியா?

மேசைவிளக்கு:
251, 252. ஆமாம், தகாஹாஷிதான்! ஜோசியம் ஏதும் பார்க்கிறீர்களா?

பழையகணினி:
பட்ட அனுபவம்தான். அந்தப் பெயரின் முதல் எழுத்தான 'தகா'வை இரண்டு விதமாக எழுதுவார்கள். ஒன்றில் நடுவே வாய் போன்ற சதுரம் இருக்கும். மற்றதில் ஏணி போன்ற கோடுகள். அதனால் அதற்கு 'ஹஷிகோதகா', அதாவது ஏணித் தகா என்றே பெயர். ஷிப்ட்-ஜிஸுக்கு அடிப்படையான, ஜப்பானின் ஜிஸ் எக்ஸ் 0208 தரத்தில் 6,879 எழுத்துகள் உண்டு, அவற்றில் 6,355 கான்ஜி, அதாவது சீன வழி எழுத்துகள். ஏணித் தகாவுக்குத் தனி இடம் தரவில்லை. இரண்டும் ஒரே எழுத்து என்பது தரத்தின் கணக்கு. பெயருக்கு உரியவர் ஒப்புக்கொள்வாரா? ஐபிஎம் நிறுவனம் தன் கூடுதல் எழுத்துகளில் அதைச் சேர்த்தது, என்இசி நிறுவனம் வட்டமிட்ட எண்களையும் இன்னும் சிலவற்றையும் சேர்த்தது. விண்டோஸ் இரண்டையும் சேர்த்துக்கொண்டு அமைத்ததுதான் சிபி932. ஊரில் இதையும் ஷிப்ட்-ஜிஸ் என்றே அழைக்கிறார்கள். பைத்தானோ கறாராக வேறுபடுத்துகிறது. குறியாக்கப் பெயரை சிபி932 என்று மாற்றுங்கள், போதும்.

மேசைவிளக்கு:
கடைசி வரி வரை ஓடிவிட்டது, மிக்க நன்றி. ஆனால் யூடிஎஃப்-8 ஆகச் சேமித்துத் திருப்பி அனுப்பினால், நகோயாவில் விரிதாளில் திறக்கும்போது ஒரே கான்ஜி திரும்பத் திரும்ப வருகிறதாம். இடப்பக்கம் நூல் என்ற உறுப்பு உள்ள எழுத்து.

பழையகணினி:
யூடிஎஃப்-8இல் ஹிரகானா என்ற ஜப்பானிய ஒலியெழுத்து ஒவ்வொன்றும் மூன்று பைட். முதல் இரண்டு 227, 129 அல்லது 227, 130. ஷிப்ட்-ஜிஸ் கண்ணுக்கு அந்த இரண்டும் சேர்ந்து ஒரு கான்ஜி. 227, 129 தரும் எழுத்துக்கு 'சிக்கிக்கொள்வது' என்று பொருள்; இதைவிடப் பொருத்தமாக வேறு எழுத்து வாய்த்திருக்காது! கோப்பின் பைட்டுகள் கெடவில்லை, படிப்பவர்தான் தவறான கண்ணாடி போட்டிருக்கிறார். கோப்பின் தொடக்கத்தில் பிஓஎம் குறியோடு (இது யூடிஎஃப்-8 என்று காட்டும் சில பைட்டுகள்) சேமியுங்கள், விரிதாள் புரிந்துகொள்ளும். அலங்கோலமாகத் தெரியும் நிலையில் யாரும் அதைச் சேமித்துவிட வேண்டாம் என்றும் சொல்லுங்கள். எழுத்து கேள்விக்குறியாகச் சேமிக்கப்பட்டுவிட்டால் மீட்க வழியில்லை.

மேசைவிளக்கு:
பிஓஎம் வேலை செய்தது. கடைசியாக ஒன்று: வாய்த் தகாவைத் தட்டச்சு செய்து தேடினால் ஏணித் தகாஹாஷி அகப்படவில்லை.

பழையகணினி:
அகப்படாது. யூடிஎஃப்-8க்கு அடிப்படையான யூனிகோட் எழுத்துப் பட்டியலில் இரண்டும் வெவ்வேறு எண்கள், இயல்பாக்கமும் (ஒரே எழுத்தின் வெவ்வேறு வடிவங்களை ஒன்றாக்கும் வழிமுறை) அவற்றை இணைக்காது. பெயரின் உச்சரிப்பைக் கானா என்ற ஒலியெழுத்தில் எழுதிய ஃபுரிகானா நெடுவரிசை இருந்தால் அதில் தேடுங்கள்.

மேசைவிளக்கு:
இருக்கிறது. ஆனால் எல்லாம் அரை அகலக் கத்தகானா, அதாவது இன்னொரு வகைக் கானாவின் ஒடுங்கிய வடிவம்.

பழையகணினி:
என்எஃப்கேசி என்ற வகை இயல்பாக்கம் அதை முழு அகலமாக்கிவிடும். தேடும் சொல்லையும் அப்படியே மாற்றிக்கொள்ளுங்கள்.