சேலத்தில் பழைய மழைநீர் ஓடையைச் சீரமைக்க யாரிடம் அனுமதி பெற வேண்டும்?

கேள்வி: திருமணிமுத்தாற்றில் சேரும் எங்கள் பகுதி ஓடை மண் மேடிட்டுக் கிடக்கிறது. செலவை ஏற்கக் குடியிருப்போர் சங்கம் முன்வந்தும், சுற்றுச்சூழல் அனுமதியின்றித் தொடவே கூடாது என்கிறார்கள். உண்மையா?

பதில் 1: ஐயா, பராமரிப்புக்காக ஆறு, கால்வாய்களைத் தூர்வாருவதற்கு, 2006 சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு அறிவிக்கையின் 2016 ஜனவரித் திருத்தம் முன் அனுமதியிலிருந்து விலக்கு அளிக்கிறது. ஆனால் நிலம் சங்கத்துடையது அன்று. கிராம நிர்வாக அலுவலரிடம் ‘அ’ பதிவேட்டையும் (நிலத்தின் வகையைக் காட்டும் வருவாய்ப் பதிவேடு) புலப்படத்தையும் (நில அளவை வரைபடம்) பார்த்து, ஓடைப் புறம்போக்கு, அதாவது அரசின் ஓடை நிலம், என்றிருந்தால், அளந்து எல்லைக்கல் நட்ட பிறகே, மாநகராட்சி அல்லது நீர்வளத்துறையின் எழுத்துப்பூர்வ ஒப்புதலுடன் இறங்குங்கள். பொக்லைனை வாடகைக்குப் பேசுவது அதற்குப் பிறகுதான்.

பதில் 2: எடுக்கும் மண்ணை என்ன செய்வீர்கள் என்பதே பெரிய கேள்வி. வெளியே கொண்டுபோனால் கனிமவளத்துறையின் அனுமதி வேண்டும். நம் ஊர் வெள்ளிக்கொலுசுப் பட்டறைகளின் அமிலக் கழுவுநீரும் சாயக்கழிவும் கலந்த ஓடையாக இருந்தால், கறுத்து நாறும் அந்தச் சேற்றில் கன உலோகங்கள் இருக்கக்கூடும்; ஆய்வகத்தில் சோதிக்காமல் வயலில் கொட்டவே கூடாது. ஓடையில் கழிவுநீர்க் குழாயைத் திறந்துவிடுவது 1974 நீர் மாசுத் தடுப்புச் சட்டப்படி தடைசெய்யப்பட்டது என்பதால், அதையும் மாசுக்கட்டுப்பாட்டு வாரியத்துக்கு மனுவாகக் கொடுத்துவிடுங்கள்.

பதில் 3: ஏற்காடு அடிவாரத்தில் காப்புக்காட்டை ஒட்டிய ஓடையென்றால், வனத்துறையிடம் முதலில் கேளுங்கள்.