கலைச்சொல்: ‘சிக்னிஃபிகன்ட் வேவ் ஹைட்’ – உயரலைச் சராசரி?

> ‘குறிப்பிடத்தக்க அலை உயரம்’ என்றே வைத்துக்கொள்ளலாமே. பொருள் சரியாகத்தானே இருக்கிறது?

வணக்கம் ஐயா,

சொல்லுக்குச் சொல் சரிதான். ஆனால் கடலில் இந்த எண் எதற்குப் பயன்படுகிறது என்று பார்த்தால், எனக்கு அது போதவில்லை.

வடகடல் காற்றாலைகளுக்குப் பழுதுபார்ப்பவர்களை ஏற்றிச் செல்லும் படகுகளை எடுத்துக்கொள்வோம். அங்கே மிதக்கும் அளவை மிதவை அலையோடு ஏறி இறங்க, உள்ளிருக்கும் முடுக்கமானி அந்த அசைவைப் பதிகிறது. அரை மணி நேரப் பதிவிலிருந்து கணக்கிட்ட எண் உடனுக்குடன் வந்து சேர்கிறது. அது 1.5 மீட்டரைத் தாண்டினால், பல சிறு படகுகள் முகப்பைக் காற்றாலைத் தூணில் அழுத்தி நிறுத்தி ஆளை ஏணியில் ஏற்றுவதில்லை.

அந்த 1.5 எப்படி வந்தது? பதிவான அலைகளை உயரப்படி வரிசையாக்கி, மேலுள்ள மூன்றில் ஒரு பங்குக்கு மட்டும் சராசரி கண்டது. ஆக, அதைவிடப் பெரிய அலைகள் அதே அரை மணியில் கட்டாயம் வரும். ஏறக்குறைய இரு மடங்கு உயரத்தில் ஒன்று வந்தாலும் வியப்பில்லை. 1995 ஜனவரி 1 அன்று, வடகடலில் நார்வேயின் டிராப்னர் எரிவாயு மேடை அருகே இந்த அளவு சுமார் 12 மீட்டர். அப்போது பதிவான ஒற்றை அலை 25.6 மீட்டர்! ‘குறிப்பிடத்தக்க’ என்று படிப்பவர் அதுதான் உச்சம் என்று எண்ணிவிடுவார். ஏணியில் கால் வைக்கப்போகிறவருக்கு அது உயிர் சம்பந்தப்பட்ட பிழை.

அதனால்தான் ‘உயரலைச் சராசரி’ என்கிறேன். சராசரி என்றால் அதற்கு மேலும் உண்டு என்பது கேட்டவுடன் புரிந்துவிடும். ‘மூன்றில் ஒன்று’ சொல்லில் இல்லைதான்; அதை வரையறையில் சொல்லிக்கொள்ளலாம்.

இன்றைய கருவிகள் பெரும்பாலும் அலைகளை எண்ணுவதில்லையே, நீர்மட்ட ஏற்ற இறக்கத்தின் திட்ட விலக்கத்தை நான்கால் பெருக்கித்தானே தருகின்றன என்று நீங்கள் கேட்கலாம். உண்மைதான். ஆனால் இரண்டு வழியிலும் கிடைப்பது ஏறக்குறைய ஒரே எண். கேப்டன் மனத்தில் நிற்க வேண்டியது பழைய வரையறைதான்.

அப்புறம், ‘பீக் பீரியட்’. உயரம் குறைவாக இருந்தாலும், அலைக்காலம், அதாவது ஓர் அலைக்கும் அடுத்த அலைக்கும் இடையிலான நேரம், கப்பல் பக்கவாட்டில் உருளும் காலத்தோடு ஒத்துப்போனால் வேலை நின்றுவிடும். எனவே இதற்கும் தெளிவான சொல் தேவை. ‘உச்ச அலைக்காலம்’ என்றால் மிக நீண்ட காலம் என்று பொருள்படும். அதிக ஆற்றல் சுமக்கும் அலைகளின் காலம் என்பதால் ‘வல்லலைக் காலம்’ எனலாமா? உச்சரிக்கச் சற்று இடறுகிறது. உங்களுக்கு வேறு ஏதாவது தோன்றுகிறதா?