மறு: ஆர்.சி.சி.பி.க்குத் தமிழில் என்ன பெயர்?

வணக்கம்.

மின்சாரம் வழிதவறிப் போனால் இணைப்பைத் துண்டிக்க வீட்டு மின்பெட்டியில் வைக்கும் ஆர்.சி.சி.பி.க்கு (ரெசிடுவல் கரண்ட் சர்க்யூட் பிரேக்கர்) என்ன தமிழ்ப் பெயர் வைக்கலாம் என்று கேட்ட இந்த இழையை இன்றுதான் உட்கார்ந்து முழுக்கப் படித்தேன். "மீதமின்னோட்டச் சாதனம்", "எச்ச மின்னோட்ட முறிப்பான்", "நிலக்கசிவுச் சுற்றுமுறிப்பான்" என்று மூன்று பரிந்துரைகள் வந்திருக்கின்றன. மூன்றுமே ஆங்கிலப் பெயரைத் துண்டு துண்டாகப் பிரித்து, ஒவ்வொரு துண்டுக்கும் ஒரு தமிழ்ச் சொல்லை ஒட்டியவை. எழுதியவர்கள் கோபித்துக்கொள்ள வேண்டாம், போன மாதம் வரை நானும் நிலக்கசிவுக் கட்சிதான்.

முதலில் அந்தப் பெட்டி என்ன செய்கிறது என்று பார்த்துவிடுவோம். உள்ளே ஒரு காந்த வளையம் இருக்கிறது. லைவ் கம்பியும் நியூட்ரல் கம்பியும் சேர்ந்தே அதன் நடுவே நுழைந்து போகின்றன. (மின்னோட்டக் கம்பியா உயிர்க்கம்பியா, நடுநிலையா நொதுமலா என்ற சண்டையை வேறு இழையில் வைத்துக்கொள்வோம், இங்கே லைவ், நியூட்ரல் என்றே எழுதுகிறேன்.) போகிற மின்னோட்டமும் திரும்புகிற மின்னோட்டமும் ஒரே அளவாக இருந்தால் ஒன்றின் காந்தப்புலத்தை மற்றது அழித்துவிடும், வளையத்துக்கு எதுவுமே தெரியாது. ஹீட்டரில் 9 ஆம்பியர் ஓடினாலும் சரி, ஒரு பல்பு மட்டும் எரிந்தாலும் சரி. போனதில் கொஞ்சம் திரும்பி வரவில்லை என்றால்தான் வளையத்தில் காந்தப்புலம் மிஞ்சும், அதன்மேல் சுற்றியிருக்கும் மெல்லிய கம்பிச்சுருளில் மின்னழுத்தம் பிறக்கும், அது கொக்கியை விடுவிக்கும், லிவர் விழும். வீட்டுக்குப் போடுவது பெரும்பாலும் 30 மில்லியாம்பியர் கருவி. அந்த அளவு வித்தியாசம் வந்தால் 300 மில்லிவினாடிக்குள் விழ வேண்டும், அதைப்போல ஐந்து மடங்கு வந்தால் 40 மில்லிவினாடிக்குள்.

ஆக, கணக்குப் பார்க்கிற கருவி இது. போனது எவ்வளவு, வந்தது எவ்வளவு. மற்ற மொழிக்காரர்களும் இதற்குப் பெயர் வைக்கும்போது ஆளுக்கொரு பக்கம்தான் போயிருக்கிறார்கள். பிரெஞ்சுக்காரர்கள் 'வேறுபாட்டை'ப் பிடித்துக்கொண்டார்கள், ஜெர்மானியர்கள் 'பிழை மின்னோட்டம்' என்றார்கள், அமெரிக்கர்கள் 'தரைப்பிழை' என்கிறார்கள் (அவர்கள் குளியலறையில் வைக்கும் கருவி 4 முதல் 6 மில்லியாம்பியருக்குள்ளேயே விழுந்துவிடும்). பிரிட்டிஷ்காரர்களின் 'மீதம்' மட்டுமே பெயர் என்று நாம் நினைத்துக்கொண்டிருப்பது, நம் பெட்டிகளில் அந்த எழுத்துகள் அச்சடித்து வருவதால்தான். மீதமின்னோட்டம் என்று கேட்டால் வீட்டில் இருப்பவருக்கு என்ன தோன்றும்? பேட்டரியில் எவ்வளவு சார்ஜ் மிச்சம் இருக்கிறது என்று காட்டும் கருவியோ என்று கேட்பார். என் மனைவி அப்படித்தான் கேட்டார்.

அதிக லோடுக்கும் ஷார்ட்டுக்கும் விழும் எம்.சி.பி.யையும் (மினியேச்சர் சர்க்யூட் பிரேக்கர்) சேர்த்து இந்த இழையில் ஒருவர் எழுதியிருந்தது:

> எம்.சி.பி., ஆர்.சி.சி.பி. இரண்டுக்கும் 'சுற்றுமுறிப்பான்' என்றே பொதுவாக வைத்துவிடலாமே, பார்க்க ஒரே மாதிரிதானே இருக்கின்றன

இதைத்தான் செய்யக் கூடாது என்கிறேன். ஏற்கெனவே பேச்சில் பலர் இரண்டையும் 'ட்ரிப்பர்' என்றுதான் சொல்கிறோம், அதனால் எம்.சி.பி. வரிசையாக இருக்கும் பெட்டியைப் பார்த்ததும் "ட்ரிப்பர் போட்டிருக்கிறோம், ஷாக் அடிக்காது" என்று நிம்மதியாகிவிடுகிறார்கள். எம்.சி.பி. காப்பாற்றுவது சுவருக்குள் ஓடும் கம்பியை, ஆளை இல்லை. கணக்குப் போட்டுப் பாருங்கள். ஈரக் கையோடு 230 வோல்ட்டைத் தொடுகிறவரின் உடல் தடை 1000 ஓம் என்று வைத்தால் உடம்பு வழியாகப் போவது 230 மில்லியாம்பியர். உயிர் போக அது தாராளம், பிடித்த கையை விட முடியாமல் தசை இறுகுவதற்கே 10, 15 மில்லியாம்பியர் போதும். 16 ஆம்பியர் எம்.சி.பி.க்கோ அது ஒரு சின்னக் கிரைண்டர் கூடுதலாக ஓடுகிற மாதிரிகூட இல்லை. தன் அளவைப் போல 1.45 மடங்கு ஓடினாலும் ஒரு மணி நேரம் வரை பொறுத்திருக்க அதற்கு அனுமதி உண்டு. பெயர் ஒன்றாக இருந்தால் இந்த வித்தியாசம் மனதில் பதியவே பதியாது.

சரி, நான் ஏன் நிலக்கசிவுக் கட்சியை விட்டேன்? எங்கள் வீட்டில் போன மாதம் மாடிக்கு ஒன்று, கீழுக்கு ஒன்று என்று புதிதாக இரண்டு ஆர்.சி.சி.பி. போட்டோம். அன்று மாலை மாடிப்படி விளக்கைப் போட்டதும் கீழ்வீடு முழுக்க இருட்டு. லிவரை ஏற்றினால் நிற்கிறது, விளக்கைப் போட்டால் விழுகிறது. வந்த எலக்ட்ரீசியன் "எங்கேயோ எர்த்தில் கசிகிறது" என்று சுவர் ஈரம், சுவிட்ச் பெட்டி, பல்பு ஹோல்டர் எல்லாவற்றையும் அரை நாள் பார்த்தார். இன்சுலேஷன் மீட்டர் வைத்துப் பார்த்தால் எல்லாம் ஒழுங்காக இருக்கிறது. கடைசியில் பார்த்தால், அந்த விளக்குக்கு லைவ் கீழ்வீட்டிலிருந்தும், நியூட்ரல் பக்கத்தில் கிடைத்தது என்று மாடி லைனிலிருந்தும் எடுத்திருக்கிறார்கள். எத்தனையோ வருஷமாக அப்படியே எரிந்துகொண்டிருந்தது. எம்.சி.பி. மட்டும் இருந்த காலத்தில் அதைக் கண்டுகொள்ள யாருமில்லை. 9 வாட் பல்புதான், ஆனால் அதற்கே 40 மில்லியாம்பியர் ஆகிறது. கீழே கிளம்பிய 40 கீழே திரும்பவில்லை, அதனால் விழுந்தது. நிலத்துக்கு ஒரு துளிகூடப் போகவில்லை.

'நிலக்கசிவு' அந்த மனிதரை அரை நாள் தப்பான இடத்தில் தேட வைத்தது. உண்மையில் அந்தப் பெயர் இதற்கு முந்திய ஒரு கருவிக்குத்தான் பொருந்தும். பழைய ஈ.எல்.சி.பி.யில் (எர்த் லீக்கேஜ் சர்க்யூட் பிரேக்கர்) ஒரு வகை, சாதனத்தின் உலோக உடலுக்கும் எர்த்துக்கும் நடுவே ஒரு சுருளை வைத்து, உடலில் ஏறத்தாழ 50 வோல்ட் ஏறினால் விழும். எர்த் கம்பி வழியாக வராமல் ஒருவர் காலடி வழியாகத் தரைக்குப் போகும் மின்சாரத்தை அது பார்க்காது. இன்றைய கருவிக்கு எர்த் கம்பியோடு தொடர்பே கிடையாது, எர்த் இல்லாத வீட்டிலும் அதன் டெஸ்ட் பட்டன் வேலை செய்யும். (அதனாலேயே பட்டனை அழுத்தி லிவர் விழுந்துவிட்டால் எர்த்தும் நன்றாக இருக்கிறது என்று அர்த்தமில்லை.)

அப்படியானால் கசிவு என்ற சொல்லையே விட்டுவிடலாமா? கணக்குப் பார்ப்பதால் 'பிசகுமுறிப்பான்' என்று வைத்துப் பார்த்தேன், எனக்கே சிரிப்பு வந்தது. 'வேறுபாட்டு முறிப்பான்' சரியான பொருள்தான், ஆனால் வாயில் நிற்காது. அப்புறம்தான் தோன்றியது, தொந்தரவு செய்தது கசிவு இல்லை, முன்னால் ஒட்டிய நிலம்தான். தமிழில் கசிவு என்றால் கீழே ஒழுகித் தரைக்குப் போவது மட்டுமா? வினாத்தாள் கசிகிறது, ரகசியம் கசிகிறது. போகக் கூடாத வழியில் வெளியே போனால் கசிவு. கீழ்வீட்டு மின்சாரம் மாடி நியூட்ரலில் திரும்பியதும் அப்படிப் பார்த்தால் கசிவுதான். ஆகவே நிலத்தையும் மீதத்தையும் எடுத்துவிட்டு கசிவுமுறிப்பான். அதன் பக்கத்தில் எம்.சி.பி.க்கு மிகைமுறிப்பான். 'நுண்' என்றோ 'குறு' என்றோ போட்டால் பெட்டியின் அளவுதான் தெரியும். அது எதற்கு விழும் என்று தெரிய வேண்டாமா? அதிக லோடுக்கும் ஷார்ட்டுக்கும் விழுகிறது, இரண்டுமே மிகை. இரண்டு வேலையையும் ஒரே பெட்டியில் செய்யும் ஆர்.சி.பி.ஓ.வை 'இருமுறிப்பான்' எனலாம், இதில் எனக்குப் பிடிவாதம் இல்லை.

"நஞ்சுமுறிப்பான் நஞ்சை முறிக்கும், கசிவுமுறிப்பான் கசிவையா முறிக்கும்? அது முறிப்பது சுற்றை அல்லவா?" என்று இலக்கணம் கேட்பவர் இந்த இழையில் நிச்சயம் உண்டு. நியாயமான கேள்வி. ஆனால் காய்ச்சல் மாத்திரை காய்ச்சலைக் கொடுப்பதில்லை, கொசுவர்த்தியைக் கொசுவால் செய்வதில்லை. நடுவில் எந்த உருபு மறைந்திருக்கிறது என்பதைத் தமிழ்க் காது தானே எடுத்துக்கொள்ளும்.

'உயிர்காப்பான்' என்று பெயர் வைப்பது மட்டும் வேண்டவே வேண்டாம். கேட்க அழகாகத்தான் இருக்கிறது. ஒருவர் ஒரு கையில் லைவையும் மறு கையில் நியூட்ரலையும் பிடித்துவிட்டால், தரையோடு தொடர்பில்லாமல், போனது அப்படியே திரும்பிவிடும். கணக்கு நேராகிவிடும், கருவி விழாது. அதன் கண்ணுக்கு அவரும் ஒரு பல்புதான். செய்ய முடியாததைப் பெயரில் சொல்லக் கூடாது.

மிச்சம் ஒன்று இருக்கிறது, வினைச்சொல். "கசிவுமுறிப்பான் முறிந்துவிட்டது" என்று எழுதினால் கருவியே உடைந்துவிட்டது என்று புதிது வாங்கப் போய்விடுவார்கள். 'இடறியது' என்று ஒருவர் எழுதியிருந்தார், அது ஆங்கில ட்ரிப்பின் வேறொரு அர்த்தம், இங்கே ஒட்டாது. இந்த மடலில் நானே யோசிக்காமல் எத்தனை இடத்தில் 'விழுந்தது', 'ஏற்றினால்' என்று எழுதியிருக்கிறேன் என்று இப்போது திரும்பிப் பார்க்கிறேன். அதையே வைத்துக்கொள்வோம், விழுதல், ஏற்றுதல். பெட்டிக் கதவின் உள்பக்கம் ஒட்டுவதற்கு இப்படி ஒரு வாசகம் எழுதிப் பார்த்தேன், எங்காவது இடித்தால் திருத்துங்கள்:

"கசிவுமுறிப்பான் விழுந்தால், எல்லாப் பிளக்கையும் கழற்றிவிட்டு ஒருமுறை ஏற்றுங்கள். நின்றால் பிளக்குகளை ஒவ்வொன்றாகச் செருகுங்கள், எதைச் செருகும்போது விழுகிறதோ பெரும்பாலும் அந்தச் சாதனத்தில்தான் கோளாறு. ஒன்றும் செருகாமலே விழுந்தால் மறுபடி ஏற்றாதீர்கள், எலக்ட்ரீசியனைக் கூப்பிடுங்கள்."