கிரிஸ்லி கரடிக் காட்டில் நடை: கைத்துப்பாக்கியா, ஸ்ப்ரேயா? கூடவே கச்சேரி பற்றி ஒரு கேள்வி

டல்லாஸ்_குமரன்

வணக்கம். ஜூலை கடைசியில் அமெரிக்காவின் யெல்லோஸ்டோன், கிராண்ட் டீட்டன் தேசியப் பூங்காக்கள் இரண்டுக்கும் போகிறோம். நான்கு பேர், இரண்டு பேர் எச்1பி (வேலை விசா), இரண்டு பேர் கிரீன் கார்டு (நிரந்தரக் குடியிருப்பு). பெரும்பாலும் பகல் நடைதான். யெல்லோஸ்டோனில் மட்டும் ஓர் இரவு உள்காட்டில் கூடாரம், அனுமதி வாங்கியாயிற்று.

கிரீன் கார்டு நண்பரிடம் 10 எம்எம் கிளாக் 20 கைத்துப்பாக்கி இருக்கிறது. "காத்து அடிச்சா ஸ்ப்ரே நம்ம கண்ணுலதான் விழும், துப்பாக்கிதான் கைகொடுக்கும்" என்று பிடிவாதமாக நிற்கிறார். துப்பாக்கியா, கரடியை விரட்ட மிளகாய்க் காரத்தைப் பீய்ச்சும் ஸ்ப்ரேயா, எதை எடுத்துப் போவது? நடக்கும்போது புளூடூத் ஸ்பீக்கரில் கச்சேரிப் பதிவு போட்டுக்கொண்டே போனால் கரடி விலகிப் போகுமா? ஒரு மாலை டீட்டன் வில்லேஜ் என்ற ஊரில் நடக்கும் இசை விழாவுக்கு டிக்கெட் எடுத்திருக்கிறோம். அந்த நேரத்தில் இதையெல்லாம் காரில் வைத்துவிட்டுப் போகலாமா?

மொன்டானா_மலர்

எதை எடுப்பது என்பதற்கு முன்னால் சட்டம். எச்1பி உள்ளிட்ட குடியேற்றமல்லாத விசாவில் இருப்பவர்கள் துப்பாக்கியோ தோட்டாவோ வைத்திருப்பது கூட்டாட்சிச் சட்டப்படி குற்றம். மாநில அரசு கொடுத்த, செல்லுபடியாகும் வேட்டை உரிமம் போன்ற சில விலக்குகள் உண்டு. ஆனால் அதை நம்பி இறங்குவதற்கு முன் குடியேற்ற வக்கீலிடம் பேசிவிடுங்கள். ஆயுதக் குற்றம் உறுதியானால் நாடுகடத்தலுக்கே அது காரணமாகும். கிரீன் கார்டுக்காரருக்கு இந்தத் தடை இல்லை.

இதில் எல்லாரும் கோட்டை விடும் இடம் ஒன்று உண்டு. நண்பர் துப்பாக்கியைக் காரில் வைத்துவிட்டுச் சாவியை எச்1பி ஆளிடம் கொடுத்தால், துப்பாக்கி அவர் வசம் இருந்தது என்று வழக்குப் போட முடியும். "கொஞ்ச நேரம் இந்தப் பையைத் தூக்கிட்டு வா" என்பதும் அப்படித்தான். துப்பாக்கி வந்தால் உடையவரின் உடம்பிலோ, அவர் மட்டுமே திறக்கக்கூடிய பூட்டிய பெட்டியிலோதான் இருக்க வேண்டும்.

தேசியப் பூங்காக்களில் 2010 பிப்ரவரி முதல், அந்தந்த மாநிலச் சட்டத்துக்கு உட்பட்டுத் துப்பாக்கி வைத்திருக்கலாம். சுடுவதற்கு அது அனுமதி இல்லை. பயமுறுத்த வானத்தைப் பார்த்து ஒருமுறை சுட்டாலும் குற்றம். பார்வையாளர் மையம் போன்ற அரசுக் கட்டடங்களுக்குள் கொண்டுபோகவும் கூடாது. அலாஸ்காவுக்கு வெளியே, ஒன்றையொன்று ஒட்டியிருக்கும் 48 மாநிலங்களில் கிரிஸ்லி (பழுப்புக் கரடியின் ஒரு வகை) 1975 முதல் சட்டப் பாதுகாப்பில் உள்ள விலங்கு. உயிர் காக்கச் சுட்டால்கூட உடனே தகவல் சொல்ல வேண்டும், விசாரணை நடக்கும். அப்படியே வடக்கே கனடா பக்கம் போகும் எண்ணம் இருந்தால் கைத்துப்பாக்கியை மறந்துவிடுங்கள்.

விமானத்தில் வருகிறீர்கள் என்றால்: துப்பாக்கியைக் குண்டு நீக்கி, பூட்டிய கடினப் பெட்டியில் வைத்து, கவுன்டரில் அறிவித்து, செக்-இன் சாமானில் போடலாம். கரடி ஸ்ப்ரேக்கு எந்தச் சாமானிலும் இடமில்லை. இறங்கிய பிறகு வாங்குங்கள். பூங்கா வட்டாரத்தில் வாடகைக்கும் கிடைக்கும்.

காட்டுவழி

ஸ்ப்ரே. நால்வருக்கும் ஆளுக்கொன்று. இதில் எனக்குத் தயக்கமே இல்லை.

கரடி ஆய்வாளர்கள் டாம் ஸ்மித், ஸ்டீவன் ஹெரேரோ குழுவினர் அலாஸ்கா சம்பவங்களைத் தொகுத்து 2008-ல் ஓர் ஆய்வு வெளியிட்டார்கள். பழுப்புக் கரடி மேல் ஸ்ப்ரே அடித்த சம்பவங்களில் 92 சதவீதத்தில் கரடி தன் போக்கை நிறுத்தியது. நெருங்கிய மோதல்களில் ஸ்ப்ரே வைத்திருந்தவர்களில் 98 சதவீதம் பேருக்குக் காயமே இல்லை. காற்று தொந்தரவு கொடுத்தது 7 சதவீதச் சம்பவங்களில்தான், அப்போதும் ஸ்ப்ரே கரடியை எட்டியது. 2012-ல் அதே குழு துப்பாக்கி பற்றி 269 சம்பவங்களைப் பார்த்தது. கைத்துப்பாக்கி 84 சதவீதம் பலன் தந்தது. ஆனால் துப்பாக்கியைப் பயன்படுத்தியவர்களுக்கும், கையில் இருந்தும் பயன்படுத்தாதவர்களுக்கும் முடிவில் வேறுபாடு தெரியவில்லை. இரண்டு ஆய்விலும் சம்பவங்களின் தன்மை வேறு என்பதால் எண்ணுக்கு எண் ஒப்பிடக் கூடாது. ஸ்ப்ரே பயனற்றது என்ற உங்கள் நண்பரின் வாதம் நிற்காது என்பதற்கு இது போதும்.

வாங்கும்போது குப்பியில் இபிஏ (அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை) பதிவு எண் இருக்க வேண்டும். மிளகாய்க்குக் காரம் தரும் கேப்சைசினும் அதன் வகைகளும் 1 முதல் 2 சதவீதம், எடை குறைந்தது 7.9 அவுன்ஸ், வீச்சு குறைந்தது 25 அடி, தொடர்ந்து 6 விநாடியாவது பீய்ச்ச வேண்டும். சாவிக்கொத்தில் மாட்டும் பெப்பர் ஸ்ப்ரே வேறு சரக்கு, அதை நம்பாதீர்கள். காலாவதித் தேதியையும் பாருங்கள். நாளானால் உள்ளிருக்கும் அழுத்தம் இறங்கிவிடும்.

கிரிஸ்லி மணிக்கு 35 மைல் ஓடும், விநாடிக்குக் கிட்டத்தட்ட 15 மீட்டர். பைக்குள் இருக்கும் ஸ்ப்ரேயை எடுக்க நேரமே இருக்காது. இடுப்பிலோ மார்புப் பட்டையிலோ மாட்டுங்கள். உறையிலிருந்து எடுப்பது, பாதுகாப்புக் கிளிப்பைக் கட்டைவிரலால் பின்னுக்கு இழுப்பது, இரண்டையும் கை தானாகச் செய்யும்வரை பழகுங்கள். இதற்கென்று மருந்தில்லாத பயிற்சிக் குப்பி விற்கிறார்கள். பாய்ந்து வரும் கரடி 30 முதல் 60 அடிக்குள் வரும்போது, சற்றே தாழ்த்திப் பிடித்து, அதன் முன்னால் மேகம் போல எழும்பும்படி அடியுங்கள். அதையும் தாண்டி வந்தால் முகத்தைப் பார்த்து. ஓடவே கூடாது.

எதிர்பாராமல் மிரண்ட கிரிஸ்லி உங்களைத் தொட்டேவிட்டால் குப்புறப் படுத்து, கழுத்தின் பின்புறத்தைக் கைகளால் மூடி, முதுகுப்பையைக் கழற்றாமல் அசையாமல் கிடக்க வேண்டும். இரவில் கூடாரத்துக்குள் வரும் கரடியிடம் அப்படிக் கிடக்காதீர்கள். கையில் கிடைத்ததைக் கொண்டு முழுப் பலத்தோடு எதிர்த்துப் போராடுங்கள்.

எஃகு_வேலன்

மேலே சொன்னது சரி. நண்பர் கிளாக்கைக் கொண்டுவந்தே தீருவார் என்றால் அரைகுறையாக வேண்டாம்.

தற்காப்புக்கு விற்கும் ஹாலோ பாயிண்ட் (முனையில் குழியுள்ள) குண்டு விரிந்து ஆழமில்லாமல் நின்றுவிடும். கரடிக்குத் தேவை எலும்பைத் துளைத்து நேராக உள்ளே போவது. 10 எம்எம்மில் 200 முதல் 220 கிரெய்ன் (குண்டின் எடை அளவு) வரை, தட்டை மூக்குள்ள கெட்டி ஈயக் குண்டு. பூச்சில்லாத வெறும் ஈயத்தைக் கிளாக்கின் சொந்தக் குழலில் தொடர்ந்து சுட்டால் ஈயம் படிந்து அழுத்தம் ஏறும். மேற்பூச்சுள்ள குண்டோ, வழக்கமான மரையுள்ள மாற்றுக் குழலோ வேண்டும்.

அதே பெட்டித் தோட்டாவை, எடுத்துப் போகும் அதே மேகசினில் (தோட்டா அடுக்கும் பெட்டி) போட்டு, முன்கூட்டியே சுட்டுப் பார்க்கச் சொல்லுங்கள். வீரியம் கூடிய தோட்டாவுக்கு ஸ்லைடு (துப்பாக்கியின் நகரும் மேற்பகுதி) வேகமாகப் பின்னுக்குப் போய், அடுத்த தோட்டா ஏறாமல் சிக்குவது உண்டு. மணிக்கட்டு தளர்ந்தாலும் சிக்கும். இன்னொன்று: கரடி மேலே விழுந்த நிலையில் குழல் முனையை அதன் உடம்பில் அழுத்தினால் ஸ்லைடு சற்றே பின்னுக்குத் தள்ளப்பட்டு, துப்பாக்கி வெடிக்காமல் போகலாம். ரிவால்வருக்கு அந்தச் சிக்கல் இல்லை. ஆனால் எடை குறைந்த .44 மேக்னம் ரிவால்வரில் உதைப்பின் வேகத்துக்குக் குண்டு தோட்டாக் கூட்டிலிருந்து முன்னே நகர்ந்து, தோட்டாக்கள் சுழலும் சிலிண்டரைப் பூட்டிவிடலாம்.

முதுகுப்பையின் இடுப்புப் பட்டை இடுப்பு உறையை மறைத்துவிடும். ட்ரிக்கரை முழுதாக மூடும் மார்பு உறைதான் சரி. இலக்கு சிறியது, மேலும் கீழும் ஆடிக்கொண்டு வரும், பின்னால் உங்கள் ஆட்களே நிற்கலாம். இந்தப் பயிற்சி இல்லாதவர் வீட்டிலேயே வைத்துவிட்டு வருவது மற்ற மூவருக்கும் நல்லது.

டல்லாஸ்_குமரன்

நன்றி. ஆளுக்கொரு ஸ்ப்ரே என்று முடிவு. நண்பரிடம் மார்பு உறை இல்லை, அதனால் துப்பாக்கி வராது. ஸ்பீக்கர், கச்சேரி, கூடாரம்?

மொன்டானா_மலர்

ஸ்பீக்கர் வேண்டாம். 50 அடி தூரத்தில் 60 டெசிபலைத் தாண்டும் ஒலிக்குப் பூங்கா விதியே தடை போடுகிறது. அதைவிட முக்கியம், புதரில் சருகு அசைவதோ கரடி உறுமுவதோ உங்கள் காதில் விழாது. இயர்போனும் அப்படியே. சின்ன மணிகளின் ஓசையும் தூரம் போகாது. மனிதக் குரல்தான் வேலை செய்யும்: வளைவுகளில், ஓடை இரைச்சல் உள்ள இடங்களில், பெர்ரிப் புதர்களில், எதிர்க்காற்றில் நடக்கும்போது சத்தமாகக் கூப்பிடுங்கள், கை தட்டுங்கள். நால்வரும் சேர்ந்தே நடங்கள். கரடியைப் பார்த்தால் 100 கஜம் விலகி நில்லுங்கள்.

கூடாரம் அடிக்கும் இடத்தில் சமையலும் உணவும் ஓரிடம், படுக்கை அங்கிருந்து 100 கஜம் தள்ளி. உணவு, பற்பசை, குப்பை எல்லாம் தரையிலிருந்து 10 அடி உயரத்தில், மரத்திலிருந்து 4 அடி விலகித் தொங்க வேண்டும். கொசு மருந்து மாதிரி ஸ்ப்ரேயைக் கூடாரத்தின் மேல் அடிப்பவர்கள் இருக்கிறார்கள். காய்ந்து படிந்த மிளகாய் வாசனை பழுப்புக் கரடிகளை ஈர்க்கிறது என்று 1998-லேயே டாம் ஸ்மித் எழுதிவிட்டார்.

கிராண்ட் டீட்டன் இசை விழாவா? தவறவிடாதீர்கள். 1962-ல் தொடங்கியது, நாட்டின் பல இசைக்குழுக்களிலிருந்து கலைஞர்கள் கோடையில் வந்து சேர்ந்து வாசிக்கிறார்கள். விழா நடக்கும் வாக் ஃபெஸ்டிவல் ஹால் மூடிய அரங்கம், ஒலி அருமை. ஸ்ப்ரேயை உள்ளே கொண்டுபோக வேண்டாம், வெயிலில் நிற்கும் காரிலும் விட வேண்டாம். 120 டிகிரி பாரன்ஹீட்டைத் தாண்டினால் குப்பி வெடிக்கலாம், அதன்பின் அந்தக் காரில் உட்கார முடியாது. மதியமே தங்குமிடத்தில் இறக்கிவிட்டுக் கிளம்புங்கள். கச்சேரி முடிந்து பூங்கா வழியாகத் திரும்பினால் நெடுஞ்சாலையில் இரவு வேக வரம்பு 45 மைல். எல்க், மூஸ் என்ற பெரிய மான்கள் சாலையில் நிற்கும் நேரம் அது.