சபைக்குப் போகாமல் ஜெபிக்கப் பழகியவர்கள் இருக்கிறீர்களா?

நெல்லைக்காரி:
பிறந்ததிலிருந்தே சபைப் பிள்ளை நான். ஞாயிறு பள்ளி, பாடகர் குழு, பெண்கள் ஐக்கியம் எல்லாம் உண்டு. எங்கள் ஊரில் கமிட்டித் தேர்தல் இரண்டு அணியாகப் பிரிந்து, வழக்கு, போலீஸ் என்று போய், நற்கருணை வரிசையில்கூட ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காத நிலை வந்ததும் போவதை நிறுத்திவிட்டேன். கடவுள்மேல் கோபமில்லை, சொல்லப்போனால் இப்போதுதான் அவரோடு தனியாகப் பேச ஆசையாக இருக்கிறது. ஆனால் வீட்டில் முழங்கால் போட்டால் வருவதெல்லாம் மேடை ஜெபம்தான். "அன்பும் இரக்கமும் உள்ள பரம பிதாவே" என்று தொடங்கி, நோயாளிகள், விதவைகள், தேசத் தலைவர்கள் எல்லோருக்காகவும் ஜெபித்து ஆமென் சொல்லி எழுந்துவிடுகிறேன், நான் சொல்ல வந்தது உள்ளேயே கிடக்கிறது. அம்மா வேறு எபிரெயர் 10:25ஐ வாட்ஸப்பில் அனுப்பிக்கொண்டே இருக்கிறார்கள் (சபை கூடிவருவதை விட்டுவிடாதே என்ற வசனம், தெரியாதவர்களுக்காக). இப்படி வெளியே இருந்து பழகியவர்கள் தினமும் என்ன செய்கிறீர்கள்? மதம் வேறு ஆன்மிகம் வேறு என்ற அறிவுரை மட்டும் வேண்டாம், நிறையக் கேட்டாயிற்று.

பழைய கொயர்:
தங்கச்சி, பதிலுக்கு மத்தேயு 6:6 அனுப்பலாம், அறைக்குள் போய்க் கதவைப் பூட்டி ஜெபம்பண்ணு என்று இயேசுவே சொன்னதுதான். ஆனால் வசனத்துக்கு வசனம் என்று இறங்கினால் அம்மாவோடு சண்டைதான் மிஞ்சும், விடுங்கள். சாது சுந்தர் சிங் கதையை ஞாயிறு பள்ளியில் கேட்டிருப்பீர்கள், காவி உடை, வெறுங்கால், திபெத் பனி என்று. அதில் அவ்வளவாகச் சொல்லாமல் விடுகிற ஒரு பகுதி உண்டு. 1905ல் சிம்லாவில் ஞானஸ்நானம் எடுத்தவர், பிறகு லாகூரில் இறையியல் படிக்கச் சேர்ந்து, ஆங்கிலிக்கன் சபையில் பிரசங்கம் செய்ய உரிமமும் வாங்கினார். அதை வைத்துக்கொண்டு மற்ற சபைகளில் தாராளமாகப் பேச முடியாது என்று தெரிந்ததும் திருப்பிக் கொடுத்துவிட்டார். சபைகளைத் திட்டிவிட்டுப் போகவில்லை, கூப்பிட்ட இடத்திலெல்லாம் பேசினார், 1918ல் தென்னிந்தியாவுக்கும் இலங்கைக்கும்கூட வந்தார். ஜெபம் என்றால் அதைக் கொடு இதைக் கொடு என்று கேட்பதல்ல, கொடுப்பவரையே தேடுவது என்றுதான் அவர் திரும்பத் திரும்பச் சொன்னது.
நான் செய்வது இவ்வளவுதான். காலையில் பைபிளிலிருந்து ஒரு சங்கீதத்தைச் சத்தமாக, மெதுவாக வாசிப்பேன், அப்புறம் வாயைத் திறக்காமல் கொஞ்ச நேரம் உட்காருவேன். 13ல் தொடங்குங்கள். ஆறே வசனம், "எதுவரைக்கும் என்னை மறந்திருப்பீர்" என்று சங்கீதக்காரர் கடவுளிடமே நேரடியாகக் கேட்டுவிடுகிறார், மேடை ஜெபத்தில் யாரும் இப்படிக் கேட்டு நான் பார்த்ததில்லை.

மாற்றுக்கருத்து:
அக்கா, கோபிக்க வேண்டாம். நானும் கொஞ்ச காலம் தனியாக இருந்து பார்த்தேன். யாரும் குறுக்கே பேசாத இடத்தில் கடவுள் மெல்ல மெல்ல நம் கருத்தையே சொல்ல ஆரம்பித்துவிடுகிறார், எனக்குப் பிடிக்காத நாத்தனாரை அவருக்கும் பிடிக்கவில்லை! சபையில் நாம் தேர்ந்தெடுக்காத மனிதர்கள் இருக்கிறார்கள், எரிச்சல்தான், ஆனால் அதற்கும் ஒரு பயன் இருக்கிறது. அப்புறம் நடைமுறை: பிள்ளைக்குக் கல்யாண ஓலை (சபையில் வாசிக்கும் திருமண அறிவிப்பு) எங்கே வாசிப்பீர்கள்? கல்லறைத் தோட்டத்தில் இடம்? சபை உறுப்பினராகக் கட்டும் சங்கக் காணிக்கையையாவது நிறுத்தாதீர்கள்.

வடலூர் பக்கம்:
நான் கிறிஸ்தவன் இல்லை, இருந்தாலும் சொல்கிறேன். வள்ளலார் சைவத்திலேயே ஊறியவர். 1873 அக்டோபரில் மேட்டுக்குப்பத்தில் சன்மார்க்கக் கொடி ஏற்றிப் பேசியபோது, சைவத்தின்மேல் தனக்கிருந்த பற்றையும் விட்டுவிட்டதாகச் சொன்னார். அதற்காக அவர் தனிமையில் மட்டும் உட்கார்ந்துவிடவில்லை, 1867லேயே தருமச்சாலையில் அடுப்பு மூட்டினார், இன்றும் அது எரிகிறது, எந்த மதமென்று கேட்காமல் சோறு போடுகிறார்கள். (அவர் கட்டிய ஞான சபை இப்போது அறநிலையத்துறை நிர்வாகத்தில், அதன் முன்னுள்ள பெருவெளித் திடலில் அரசு மையம் கட்டுவது பற்றி வழக்கு வேறு. கமிட்டியும் கோர்ட்டும் யாரையும் விடுவதில்லை.) மாற்றுக்கருத்து சொன்ன சிக்கலுக்கு எனக்குத் தெரிந்த பதில் இதுதான், பரிமாறப் போங்கள். எதிரே இலையில் உட்காருகிறவர் யாரென்று நாம் முடிவு செய்வதில்லை, அங்கே மேடை ஜெபத்துக்கும் நேரமிருக்காது.

நெல்லைக்காரி:
எல்லோருக்கும் நன்றி. சங்கக் காணிக்கை கட்டிக்கொண்டுதான் இருக்கிறேன், அப்பா இருக்கும் தோட்டத்திலேயே அம்மாவுக்கும் இடம் வேண்டும். நாத்தனார் விஷயம் சுருக்கென்று பட்டது, யோசிக்கிறேன். அண்ணன், 13ஆம் சங்கீதம் வாசித்தேன், அழுகை வந்தது. ஆனால் வாயை மூடி உட்கார்ந்ததும் சிலிண்டர் புக் பண்ணவில்லையே என்றுதான் ஓடுகிறது. உங்களுக்கும் இப்படியா?

பழைய கொயர்:
எனக்கு மின் கட்டணம். பக்கத்தில் ஒரு துண்டுச் சீட்டு வைத்துக்கொண்டு அதில் எழுதிவிட்டு மறுபடி உட்காருவேன். சில நாள் சீட்டு நிறைந்ததுதான் மிச்சம்.